ஓரியின் தெருவும் உறையூர்க் கோட்டையும்

சங்க காலத்துத் தலைவர்களுக்குள் மூண்ட பகை எப்படித் தீர்ந்தது என்று அறிய, கொல்லிமலையையும் சோழரின் உறையூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி, முள்ளூர் மலையமான் திருமுடிக்காரியோடு பொருது மாண்டான். கொன்ற காரி கொல்லியைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் சேரருக்குக் கொடுத்தான் என்கிறார் கல்லாடனார், அகநானூறு 209இல். பூசலின் உள்நோக்கம் இந்த ஒரு செய்தியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. சண்டையிட்டவர்கள் இருவர், மலை போய்ச் சேர்ந்ததோ மூன்றாமவர் கைக்கு. காரியின் படைத்துணையை நாடி மூவேந்தர் தரப்பிலிருந்தும் பொருள் வந்து குவிந்ததைப் புறநானூறு 122இல் கபிலர் பாடுகிறார். அப்படிப்பட்ட காலத்தில், இரண்டு குறுநிலத் தலைவர்களைச் சேர்த்துவைப்பதால் எந்த வேந்தனுக்கு என்ன ஆதாயம்?

புலவர்களும் குறுக்கே வந்ததாகப் பாட்டு இல்லை. ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஊடுருவிப் போனதை வன்பரணர் வியந்தார். காரியின் கொடையைக் கபிலர் போற்றினார். அருமையான பாட்டுகள்தான், ஆனால் அவரவர் புரவலரைத் தாண்டி எதிர்த்தரப்பை நோக்கிப் பேசாதவை. ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சலை, நற்றிணை 320இல் அதே கபிலர் ஓர் அகப்பாட்டின் உவமையாக வைத்திருக்கிறார். எனக்கு அதில் வெற்றிப் பெருமிதம் கேட்கவில்லை. தலைவனை இழந்த ஊரின் கலக்கமே கேட்கிறது.

உறையூரில் நடந்தது வேறு. சோழன் நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்திருக்க, இன்னொரு சோழனான நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். நடுவே வந்த புலவர் கோவூர்கிழார் இருவரும் சூடியிருந்த மாலையைக் காட்டினார். எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன், இருவருக்கும் ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி, இருவரும் வெல்வது நடவாத காரியம் என்றார். புறநானூறு 45 இது. யார் பக்கம் நியாயம் என்று அவர் ஆராயவே இல்லை. பகையால் இருவரும் இழக்கப்போவதைத்தான் எடுத்து வைத்தார். இதற்கு முந்தைய பாட்டில், ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியைக் கடிந்தவரும் இவரே: அறவழி என்றால் கதவைத் திறந்து கொடு, மறவழி என்றால் வெளியே வந்து போரிடு. உள்ளே பாலின்றி அழும் குழந்தைகளை முன்னிறுத்திய கண்டிப்பு அது.

கோவூர்கிழாருக்கு இருந்த வசதி ஓரிக்காகப் பேச வருபவருக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கிள்ளிகள் இருவரும் ஒரே குடி. ஓரியும் காரியும் வெவ்வேறு மலைக்குரியவர்கள். பொதுமாலை ஒன்றைக் காட்டி அவர்களை நிறுத்த முடியாது. உறையூர்ப் பேச்சும் நிலைத்த அமைதியைத் தந்துவிடவில்லை. நெடுங்கிள்ளி காரியாற்றில் இறந்ததை அவன் பெயரின் அடைமொழியே சொல்கிறது.

ஆனாலும் மாலையைக் காட்ட முடியாத இடத்திலும் அதே புலவர் வென்றிருக்கிறார். சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடத் துணிந்தபோது, புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று அவனிடமே அவன் குலப்பெருமையை எடுத்துச் சொன்னார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்ற அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்கள் குடியும் வேறுதான். அங்கே பலித்த சொல் கொல்லிக்கும் பலித்திருக்கக் கூடும். அதைச் சொல்ல ஒருவர் முன்வந்திருக்க வேண்டும், கொல்லி சேரருக்குப் போவதற்கு முன்பே.