கூண்டில் நின்றவரின் கேள்வி

காரைக்காலில் நீதிமன்றப் படியேறிய நம் முன்னோர் எந்தச் சட்டத்தின் முன் நின்றார்கள்? 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. அதன் சட்டம் உடனே விலகவில்லை. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் இங்கு வந்தது 1963 அக்டோபர் 1-இல்தான். அதுவரை நாகூரில் ஒரு சட்டம், வாஞ்சூர் தாண்டினால் வேறொன்று.

1808ஆம் ஆண்டின் பிரெஞ்சு நடைமுறைச் சட்டப்படி, பெருங்குற்ற விசாரணையில் சாட்சியை விசாரிப்பவர் தலைமை நீதிபதி. குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் தங்கள் கேள்வியை அவர் வாய்வழியாகத்தான் கேட்க முடியும். அரசுத் தரப்போ, அவரிடம் அனுமதி பெற்று நேரடியாகக் கேட்கலாம். மிராசுதாரை நிமிர்ந்து பார்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பண்ணையாளுக்கு இது புதிய பாடமாக இருந்திருக்காது.

சாட்சியச் சட்டம் வந்ததும் குறுக்கு விசாரணை உரிமையும் வந்தது. கேட்பதற்கு வழக்கறிஞர் வேண்டுமே! வசதியற்றவருக்கு செஷன்ஸ் வழக்கில் அரசு செலவில் வழக்கறிஞர் என்பதை நாடு முழுமைக்குமான சட்டக் கடமையாக்கியது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 304ஆம் பிரிவு. அது நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரலில்.

இந்த உரிமையைப் பற்றி நமக்குள் ஒரு கசப்பு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. தெற்கே, கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று அது ஐயப்பட்டது. எரிந்த குடிசைகளைப் பார்த்தவர்களின் சாட்சியம் அந்த ஐயத்தின் முன் நிற்கவில்லை. பிறகு குறுக்கு விசாரணை என்றாலே பணக்காரரின் வழக்கறிஞர் நம் ஆட்களைத் தடுமாற வைக்கும் வித்தை என்று நாம் நினைக்கத் தொடங்கினோம். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் நம்மவர்கள் என்பதால் அந்த நினைப்பு இயல்பானது. ஆனால் கணக்கு அரைகுறை.

அதே இரவில் பக்கிரிசாமி என்பவர் கொல்லப்பட்டதற்கு இன்னொரு வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விவசாயத் தொழிலாளர்கள். சிலர் தண்டனையும் பெற்றார்கள். அங்கே சாட்சியை மடக்கிக் கேட்க வேண்டிய தேவை நம்மவர்களுக்கு இருந்தது. வெண்மணி நினைவு நாளில் நாம் முதல் வழக்கைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். இரண்டாவது வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களும் நம்மவர்கள்தாம்.