தகைவிலான்களின் வருகையும் செல்போர்ன் குறிப்பேடும்

தென் இங்கிலாந்தில் மார்ச் மாதத்தோடு வசந்தம் தொடங்குவதாகக் கொள்ளப்பட்டாலும், வறண்ட வாடைக்காற்றும் கீழைக்காற்றும் நாள்கணக்கில் ஓயாது வீசுவது அங்கு வழக்கமாதலால், வெப்ப நாடுகளிலிருந்து திரும்பும் பறவைகளின் வருகை ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகவே அமைகிறது. இவ்வருகையை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் பழக்கம் அந்நாட்டுச் சிற்றூர்களில் 18ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. நார்ஃபோக்கைச் சேர்ந்த நிலக்கிழார் இராபர்ட் மார்ஷம் 1736இல் இத்தகைய பதிவைத் தொடங்கினார்.

ஆயினும் இப்பழக்கத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுபவர், ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட் (1720–1793) ஆவார். அவருடைய நண்பரும் நீதிபதியுமான டெய்ன்ஸ் பாரிங்டன் வகுத்தளித்த அச்சுக் குறிப்பேட்டில், வாரத்திற்கு ஒரு பக்கமாக, வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழையளவு, முதலில் தென்பட்ட பறவை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. 1768 முதல் இறக்கும்வரை ஒயிட் அவற்றை நிரப்பிவந்தார். வேறுபாடு காண அரிதான மூன்று கதிர்க்குருவி இனங்களை அவற்றின் குரலைக்கொண்டே பிரித்தறிந்த கூர்மை அவருக்கு இருந்தது.

தகைவிலான்களைப் பொறுத்தவரையில் அக்கூர்மை தடுமாறியது. அவை குளிர்காலத்தில் வலசை போகின்றன என்போரும், பொந்துகளிலோ நீரடிச் சேற்றிலோ உடலியக்கம் ஒடுங்கி உறங்குகின்றன என்போரும் அக்காலத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். குறிப்பேட்டை வகுத்த பாரிங்டனே வலசையை நம்பாதவர். ஜிப்ரால்டரில் படைப்பிரிவுப் பாதிரியாராக இருந்த ஒயிட்டின் தம்பி ஜான், பருவந்தோறும் தகைவிலான்கள் திரள்திரளாக நீரிணையைக் கடப்பதைக் கண்டு எழுதியிருந்தும், சில பறவைகளேனும் ஊரிலேயே பதுங்கியிருக்கலாம் என்னும் ஐயம் ஒயிட்டை விடவில்லை. முன்னதாக வந்த தகைவிலான்கள் பனியும் உறைகுளிரும் கண்டவுடன் சில நாள் மறைந்துவிடுவதை, அவர் பதுங்கலுக்கே சான்றாகக் கொண்டார்.

1781 ஏப்ரல் 11 அன்று, ஊரை ஒட்டிய குன்றின் தென்கிழக்குச் சரிவிலுள்ள புதர்களையும் குழிகளையும் ஆள் வைத்துத் துழாவச் செய்தார். எதுவும் அகப்படவில்லை. தேடல் நடந்துகொண்டிருந்தபோதே, இறவாரத்தில் மண்கூடு கட்டும் தகைவிலான் ஒன்று, அவ்வாண்டின் முதல் வரவாக, ஊர் மக்கள் பார்க்கத் தெருவழியே பறந்துவந்து பழைய கூட்டில் நுழைந்து வெளியேறியது. அதன்பின் 16ஆம் நாள்வரை அவ்வினம் தென்படவில்லை. தெற்கிலிருந்து வீசும் காற்று வலசைப் பறவைகளை விரைந்து கொண்டுசேர்க்கும் என்பதும், எதிர்க்காற்றும் குளிரும் அவற்றைத் தடுத்துநிறுத்தும் என்பதும் இன்று தெளிவு. காற்றின் திசையையும் பறவையின் வருகையையும் ஒரே பக்கத்தில் எழுதிவந்தவர், அவற்றை இணைத்துப் பார்ப்பதைவிடப் புதர்களைத் துழாவுவதில் நாட்டம் கொண்டது வியப்புக்குரியது; எனினும் தேடியும் கிடைக்காததை மறைக்காமல் எழுதிய நேர்மையே, 1789இல் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பை இன்றும் நம்பத்தக்க ஆவணமாக்குகிறது.

வழக்கு முடிய, பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டும் முறை வரவேண்டியிருந்தது. 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பிடிபட்டது.