கவிழ்ந்த கலமும் கரைவிளக்கும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய செங்கற்கோட்டை சிதைந்து நிற்கிறது. ஐரோப்பியர் ‘சட்ராஸ்’ என வழங்கிய இவ்வூரிலிருந்து மெல்லிய பருத்தித் துணிகள் கடல் கடந்தன. 1602-இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செல்வம் கடலை நம்பியே இருந்தது. கடல்மீது கொண்ட அச்சமும் பெருமிதமும் அந்நாட்டு ஓவியத்தில் தனித்துறையாகவே வளர்ந்தன எனலாம்.

அத்துறையின் முன்னோடியான ஹென்றிக் விரூம், போர்த்துகல் கரையருகே கலம் உடைந்து உயிர் தப்பியவர். லுடோல்ஃப் பக்ஹாய்சன் புயல் வேளையில் படகேறிச் சென்று அலைகளைக் கண்டு வந்தார் என்பர். ரெம்பிராண்ட் 1633-இல் கலிலேயாக் கடற்புயலைத் தீட்டினார். 1990-இல் பாஸ்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து களவுபோன அவ்வோவியம் இன்னும் மீளவில்லை. முறிந்த பாய்மரம், கரும்பாறை, முகிலிடையே ஓர் ஒளிக்கீற்று ஆகியவை இத்தகைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருவன.

தமிழகத்திலோ கடலின் சீற்றம் செய்யுளில் பதிந்தது. கட்டுத்தறி முறித்துத் திரியும் மதயானைக்கு, கூம்பு முறிந்து சுழியில் அகப்பட்ட நாவாயை உவமையாக்குகிறது மதுரைக்காஞ்சி. மணிமேகலையில் கலம் உடைந்த சாதுவன், ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைகிறான். அவன் இறந்தான் எனக் கேட்ட ஆதிரை தீப்புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. ஓவியர் பெரும்பாலும் கலத்தோடு நின்றுவிட, சாத்தனார் கரையில் காத்திருந்தவளின் துயரையும் எழுதினார். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையின் உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. நீர்ப்பெயற்றை மாமல்லபுரப் பகுதியோடு பொருத்திக் காணும் அறிஞரும் உளர்.

இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில் பெருங்கலங்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. சரக்கையும் மாந்தரையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அவற்றின் பலகைகள் அலையடிக்கு நெகிழ்ந்து கொடுத்தன. அவற்றைச் செலுத்தியோர் ஒல்லாந்தப் புயலோவியங்களின் நாயகர் அல்லர். வணிகனான சாதுவனைப் பேசிய அளவிற்குக் காப்பியமும் அவர்களைப் பேசவில்லை. சதுரங்கப்பட்டினக் கோட்டையில் ஒல்லாந்தர் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. படகோட்டியர்க்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இதே கரையில் உயிர்களையும் படகுகளையும் வாரிச் சென்றது. கரையில் காத்திருந்த ஆதிரையர் அன்றும் இருந்தனர். அவர்தம் துயரைப் பாடும் கடன் நெய்தலைப் பாடும் இன்றைய கவிஞர்க்கு உரியது. மாடத்து விளக்கு வந்து சேரும் கலத்திற்கு மட்டுமன்றி, வாராத படகிற்கும் எரிதல் வேண்டும்.