கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட் போக்குவரத்தும் கதிர்வீச்சு மதிப்பீடும்

1901ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பிரெஞ்சுப் பௌதிகவியலறிஞர் அன்றி பெக்கரல், இரேடியம் அடங்கிய சிறு கண்ணாடிக் குழாயொன்றைத் தம் சட்டைப் பையிலிட்டுச் சென்றார். குழாய் அங்கே கிடந்த நேரம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். சில நாட்களின் பின் அவ்விடத்துத் தோல் சிவந்து புண்ணாயிற்று. அவரும் பியர் கியூரியும் அவ்வாண்டிலேயே இதனை விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தனர். கதிர்வீசும் பொருளைச் சுமந்து செல்வோன் அதன் கதிரையும் ஏற்கின்றான் என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் இஃதொன்று.

1921இல் அமெரிக்கச் சனாதிபதி ஹார்டிங் மேரி கியூரி அம்மையாருக்கு ஒரு கிராம் இரேடியத்தை வழங்கியபோது, அப்பொருள் விழா மண்டபத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. ஈயம் பொதிந்த பெட்டியின் திறப்பே கையளிக்கப்பட்டது. இருபதாண்டுகளுள் எச்சரிக்கை பிறந்துவிட்டது. எனினும் அளந்து கணிக்கும் முறை பிறக்கவில்லை.

அம்முறைக்குத் தூண்டுகோலாயமைந்தது மனித உடல் மட்டுமன்று. ஒளிப்படப் பிலிமும் ஆகும் என்பது வியப்பளிக்கலாம். உருத்துலக்கப்படாத பிலிம் இரேடியப் பொதியின் அருகே கிடப்பின் மங்கிப் பழுதாகும். மனிதனின் தோல் பல நாள் கழித்துச் சொல்வதைப் பிலிம் உடனே காட்டிவிடும். அதன் பழுதுக்கு விலையும் உண்டு. 1936இல் அமெரிக்கத் தபாற்பகுதி இத்தகைய பொருட்களை அஞ்சலில் ஏற்க மறுத்தது.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆந் திகதி, ஓக் றிட்ஜ் அணுவுலையில் ஆக்கப்பட்ட காபன்-14 சென் லூயி நகர் வைத்தியசாலையொன்றுக்கு வழங்கப்பட்டது. இனிப் பொதிகள் ஒன்றிரண்டாக அன்றி ஆயிரக்கணக்கிற் செல்லுமென்பது தெளிவாயிற்று. 1948இல் அந்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் கணக்கு எளியது. சுமையாளொருவன் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் பொதியை உடலோடணைத்துச் சுமப்பான் எனக் கொள்ளப்பட்டது. அந்நாளில் அனுமதிக்கப்பட்ட அளவு நாளுக்கு 100 மில்லிறொஞ்சன்; ஆகவே பொதியின் மேற்பரப்பில் மணித்தியாலத்துக்கு 200 மில்லிறொஞ்சன் வரை இருக்கலாம் என முடிவாயிற்று. ஒரு மீற்றர் தூரத்துக்குரிய எல்லையோ பிலிமை நோக்கி அமைந்தது. ஐந்து மீற்றருக்கு அப்பால் 24 மணித்தியாலம் கிடக்கும் பிலிம் 10 மில்லிறொஞ்சனுக்கு மேல் ஏற்றலாகாது. நேர்மாறு வர்க்க விதிப்படி ஐந்து மீற்றரில் உள்ளது ஒரு மீற்றரில் உள்ளதன் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எனவே ஒரு மீற்றரில் மணிக்கு 10 மில்லிறொஞ்சன் எனின் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

1957இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1961இல் வெளியிட்ட போக்குவரத்து விதிகள் இவ்வழியே சென்றன. ஒரு மீற்றரளவை அடிப்படையாகக் கொண்ட 'போக்குவரத்துச் சுட்டி' பின்னர் நிலைபெற்றது. களஞ்சியக் காப்பாளன் பொதிகளின் சுட்டிகளைக் கூட்டிப் பார்த்தே எவ்வளவு தூரம் விலக்கி வைப்பதென அறியலாம், கருவியும் வேண்டா.

வீதியோரத்து மக்களின் கணக்கு பின்னரே விரிவாக எழுந்தது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்காணைக்குழுவின் 1977ஆம் ஆண்டு ஆய்வுக்காகச் சாண்டியா ஆய்வுகூடத்தார் 'இராட்ரான்' எனும் கணினி நிரலை ஆக்கினர். வண்டியின் வேகம் குறையக் குறைய வழியிலுள்ளோர் ஏற்கும் அளவு ஏறும். வண்டி தரிக்குமிடங்களில் அது பெருகும். சாரதி, சுமையாள், உடன்செல்லும் பயணி, வீட்டு வாயிலில் நிற்போர் ஆகியோரின் சிற்றளவுகளைக் கூட்டி மக்கட்டொகையின் மொத்த ஏற்பளவு பெறப்பட்டது. விபத்தொன்றும் நேராத பயணத்துக்கும் இவ்வாறு ஒரு கணக்குண்டு.

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 1991இல் வெளியிட்ட பரிந்துரை, தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட்டையும் பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட்டையும் எல்லையாக்கியது. 1948இன் சுமையாளன் 250 நாள் உழைத்திருப்பின் ஏறக்குறைய 250 மில்லிசீவேட் ஏற்றிருப்பான். அவனுக்கென வகுத்த அடிப்படை இவ்வாறு அற்றுப்போயிற்று. ஆயினும் மேற்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவேட், ஒரு மீற்றரில் 0.1 மில்லிசீவேட் என அவ்விலக்கங்கள் புதிய அலகில் இன்றும் விதிநூலில் உள்ளன. பிலிமுக்குரிய 0.1 மில்லிசீவேட் எல்லையும் அவ்வாறே. மாறியது வேறொன்று: ஆண்டுக்கு 6 மில்லிசீவேட்டுக்கு மேல் ஏற்கக்கூடிய தொழிலாளி தனித்தனியே அளவிடப்படல் வேண்டும். அரை மணித்தியாலமென்ற ஊகத்தின் இடத்தில் அவன் மார்பிலணியும் அளவுகருவி வந்துள்ளது. நெடுங்காலம் அக்கருவியுள் இருந்ததும் பிலிமே.