லேபலின் ஓரத்தில் இரண்டெழுத்து

ஒரே இசைத்தட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரே இசைத்தட்டு அல்ல என்பது விளங்க எமக்கு நெடுங்காலம் பிடித்தது. ஸ்காபரோவின் கோடைகாலச் சனிக்கிழமைகளில், கராஜ் சேல்களில் ஒரு டொலருக்கும் இரண்டு டொலருக்கும் பழைய றொக் தட்டுக்களை அள்ளிவந்த நாட்களில், உறை கிழியாமலும் தட்டில் கீறல் விழாமலும் இருந்தால் போதும் என்றிருந்தோம். லெட் செப்பெலின் குழுவின் இரண்டாவது தட்டு எம்மிடம் மூன்று பிரதிகளாகச் சேர்ந்தபின், ஒரு மழைநாளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டபோதுதான் சந்தேகம் தொடங்கியது. மூன்றிலும் அதே பாட்டு, அதே கிற்றார். ஆனால் ஒன்றில் மட்டும் ட்ரம் அறைக்குள் வந்து நின்றது.

காரணத்தைத் தேடப் போனால் தட்டுச் செய்யும் தொழிலுக்குள் இறங்கவேண்டியிருக்கிறது. ஸ்ரூடியோவில் முடிந்த ஒலிநாடாவிலிருந்து, லக்கர் பூசிய அலுமினியத் தட்டொன்றில் முதலில் பள்ளம் வெட்டுகிறார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்து எதிர்வார்ப்பு எடுப்பார்கள். அதிலிருந்து தாய்த்தட்டு, தாயிலிருந்து அச்சுத்தகடு, தகட்டிலிருந்து நாம் வாங்கும் வைனில். தகடு தேய்ந்துவிடும், புதிது வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனது அநேகமாக மூலநாடா அல்ல, அதன் பிரதி. சிலவேளை பிரதியின் பிரதி. சுவடிகளை ஒப்பிட்டு 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த எங்கள் சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு இந்தச் சங்கடம் புதிதாக இருந்திராது.

பள்ளம் வெட்டுபவரின் பங்கு இதில் பெரிது. அடித்தள ஒலி கூடக்கூடப் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக அலையும்; அலைச்சல் மிஞ்சினால் மலிவான பெட்டிகளில் ஊசி துள்ளிவிடும். ஆகவே வெட்டுபவர் எங்கோ ஓரிடத்தில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

1969 இல் அந்தக் குழு ஓய்வின்றிச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. லண்டன், லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் என்று போன போன ஊர்களில் கிடைத்த ஸ்ரூடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். ஜிம்மி பேஜ் தயாரிப்பாளர். ஒலிக்கலவையில் எடி கிறேமர் கைகொடுத்தார். நியூயோர்க்கின் ஸ்ரேர்லிங் சவுண்டில் பள்ளம் வெட்டியவர் றொபேர்ட் லட்விக், 1944 இல் பிறந்தவர், சங்கீதக் கல்லூரியில் படித்த இளைஞர். நாடாவில் இருந்த பலத்தை அவர் குறைக்க விரும்பவில்லை. உரத்தும் ஆழமாகவும் வெட்டினார். லேபலுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வெறும் வளையத்தில் தன் பெயரின் முதலெழுத்துக்களான ஆர், எல் என்பவற்றைக் கீறிவைத்தார். ஒக்ரோபர் 22 இல் அட்லான்டிக் கொம்பனி தட்டை வெளியிட்டது.

பின்னர் நடந்ததை லட்விக்கே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கொம்பனியின் மேலிடத்து வீடொன்றில், மகளின் மலிவான பெட்டியில் ஊசி துள்ளியது. அவ்வளவுதான். பழுது தட்டில் என்று தீர்மானித்து, ஒலியைத் தணித்து மறுபடி வெட்டச் சொன்னார்கள். அதன்பின் பல ஆண்டுகளாக உலகம் கேட்டது அந்தத் தணித்த ஒலியைத்தான்.

கொம்பனியை முழுதாகக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. அன்று இந்தத் தட்டை வாங்கிய பையன்களில் அநேகரிடம் இருந்ததும் அப்படிப்பட்ட பெட்டிதானே. ஆனால், ஒரு பெட்டியின் குறைக்காக எல்லோருக்கும் சேர்த்துக் குறைத்துவிட்டது நியாயமென்றும் சொல்ல முடியவில்லை. நல்ல பெட்டி வாங்கியவனுக்குத் தான் இழந்தது என்னவென்றே தெரியாமல் போயிற்று.

எங்கள் மூன்றாவது பிரதியை மேசைவிளக்கின் கீழ் சரித்துப் பார்த்தோம். மெல்லிய கீறலாக இரண்டு எழுத்தும் இருந்தன, மறுபக்கத்திலும் இருந்தன. விற்ற அம்மா அன்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: தன் தம்பி இந்தத் தட்டைப் போடும்போது மட்டும் ஊசிக்கையின் மேல் ஒரு சதக் குற்றியை ஒட்டிவைப்பானாம். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டு டொலரைக் கொடுத்து வந்திருந்தோம். நண்பர் ஒருவரின் பழைய சூட்கேஸ் பெட்டியில் போட்டுப் பார்த்தோம், துள்ளத்தான் செய்தது.

இப்போது இந்தப் பிரதிகள் நூற்றுக்கணக்கான டொலருக்குப் போகின்றன. விற்கச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு இருக்கிறது. லட்விக் 2023 இல் ஓய்வு பெற்றார். நாம் இன்னமும் சனிக்கிழமைகளில் போகிறோம்; உறையைப் பார்ப்பதில்லை, தட்டை உருவி வெயிலில் சரித்து லேபலின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் அவருடைய எழுத்து இருக்கும் பிரதிகளும் உண்டு.