கீழமாரட் வீதியும் சின்ன வெங்காயமும்

மதுரை கீழமாரட் வீதியில் நுழைந்தால் மூக்கே சொல்லிவிடும், வெங்காய மண்டி வந்துவிட்டது என்று! வீதியின் பெயரே ஒரு சரித்திரம்தான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து நகரத்தை விரித்தார். அந்த வேலையில் இருந்த மாரட் என்ற ஆங்கிலேயரின் பெயர்தான் அது. (பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்ததுதான்.)

மண்டியில் இரண்டு ரகம். பெரியதற்குப் பெயர் பல்லாரி. பெல்லாரி என்ற ஊர்ப் பெயர் மதுரை வாயில் பட்ட பாடு! இன்று கர்நாடகத்தில் இருக்கும் அந்த ஊர் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. ஊர் பிரிந்து போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்று சின்ன வெங்காயம். திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்கள்தான் இதற்குப் பேர்போனவை. சித்திரை, வைகாசியில் ஒரு நடவு, ஐப்பசியில் ஒரு நடவு. ஒரு காயை ஊன்றினால் ஐந்தாறு காய் கொத்தாக வரும், 65 நாள் போதும். தாள் மஞ்சளாகிச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திப் பிடுங்கி, நிழலில் உலர்த்த வேண்டும்.

அப்புறம் பட்டறை. தரையை ஒட்டாமல் கல் வைத்து, அதன்மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கத்தில் காற்றுப் புகும் தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்வார்கள். மின்சாரமே வேண்டாத இந்தக் கிடங்கில் நன்றாக உலர்ந்த காய் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுத் தோட்டத்தில் விளைவித்து குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடும் மஞ்சள் வெங்காயம் ஏன் இங்கே வரவில்லை? காரணம் சூரியன். பகலின் நீளம் செடியை ஆட்டிவைக்கிறது என்பதை 1920-ல் கார்னரும் அல்லார்டும் அமெரிக்காவில் காட்டினார்கள். அந்த மஞ்சள் ரகங்கள் காய் வைக்க 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். மதுரையில் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. அந்த விதையை மொட்டை மாடித் தொட்டியில் போட்டால் தாள்தான் மிஞ்சும். ஆம்லெட்டுக்கு ஆகும்!

இனி கணக்குக்கு வருவோம். சின்ன வெங்காயத்துக்கு விதையும் அதே காய்தான். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் விதைச் செலவு 12,000 ரூபாய், 100 ரூபாய் என்றால் 60,000! விலை ஏறினால் விவசாயிக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கோ 5 ரகத்தை விதை தூவி வளர்க்கலாம், ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். ஆனால் நாற்றங்கால் போட வேண்டும், நாளும் கூடும்.

1998-ல் டெல்லி ஆட்சி மாறியதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்பார்கள். அந்தப் பயம் டெல்லியை விட்டுப் போகவே இல்லை. 2019 செப்டம்பர் 29-ல் எல்லா ரக வெங்காய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. நாசிக் பெரிய வெங்காயத்தை மனதில் வைத்துப் போட்ட தடையில் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற திண்டுக்கல் சின்ன வெங்காயமும் மாட்டிக்கொண்டது. ஒரு மாதத்தில் பெங்களூர் ரோஸ் ரகத்துக்கு மட்டும் 9,000 டன் வரை விலக்கு கிடைத்தது. தடை முழுதாக நீங்க 2020 மார்ச் ஆனது. அதற்குள் ஐப்பசி நடவும் முடிந்து, புதுக் காய் மண்டிக்கு வந்திருந்தது. பட்டறையில் விதைக்காய் எடுத்து வைத்தவர் அதையே ஊன்றினார். வைக்காதவர் சந்தை விலைக்கு வாங்கி ஊன்றினார்.