மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? எங்க மண்ணூர்ல யாரைக் கேட்டாலும் யோசிக்காம மதுரைன்னுதான் சொல்வாங்க. இங்கே கம்பெனி வேலைக்கு வந்த மதுரைப் பசங்க ராத்திரி பஸ் ஏறினா விடியறப்போ ஊர்ல இருப்பாங்க. யாழ்ப்பாணம்னா கடல் தாண்டணும், பாஸ்போர்ட் வேணும்.

ஆனா வரைபடம் வேற சொல்லுது மக்களே. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை ஏர்போர்ட் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி சுமார் 355 கி.மீ.தான்!

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, மதராசுக்கு வந்துச்சு. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ரெண்டு மாசம் பாக்கி. வந்தது டகோட்டா விமானம். அதோட வேகம் மணிக்கு 300 கி.மீ.க்குள்ளதான். கணக்குப் போட்டா பலாலி - மதராஸ் ஒன்றேகால், மிஞ்சினா ஒன்றரை மணி நேரம்.

அப்புறம் அந்த வழி நின்னு போச்சு. 1983க்குப் பிறகு போர். பலாலி ராணுவத் தளமாச்சு. 1990ல் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வீடு, தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாச்சு.

அந்தக் காலத்துல யாழ்ப்பாணம் போகணும்னா? மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்கா சுமார் 645 கி.மீ. அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய் இறங்க வேண்டியிருந்துச்சு. பிறகு தரை வழியா சுமார் 350 கி.மீ. திரும்ப வடக்கே வர வேண்டியிருந்துச்சு. கூட்டினா ஆயிரத்துக்குக் கிட்ட, கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதுவும் பாதை திறந்திருந்தால்! ஏ9 சாலை 2002ல் திறந்து, 2006ல் மறுபடி மூடினது நினைவிருக்கும். ஒன்றரை மணிப் பயணம் ஒரு நாள் பயணமாச்சு. பல பேருக்குப் போகவே முடியாத பயணமாச்சு.

2019 அக்டோபர் 17ல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமா திறந்தது. நவம்பர் 11ல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர். நாலே மாசத்துல கொரோனா வந்து நிறுத்திடுச்சு. 2022 டிசம்பர் 12ல் திரும்பத் தொடங்கி, 2024 செப்டம்பர் 1ல் இண்டிகோவும் சேர்ந்துச்சு.

இந்த ஏடிஆர் விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. போகும். கணக்குப்படி முக்கால் மணி போதும். ஆனா ஓடுதளத்துக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்து கால அட்டவணையில ஒன்றேகால் மணிக்கு மேல போடறாங்க. ஆக, எழுபது வருஷத் தொழில்நுட்பம் நமக்கு மிச்சம் பிடிச்சுக் கொடுத்தது அரை மணி நேரம். போர் எடுத்துக்கிட்டது ஏறத்தாழ நாற்பது வருஷம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களே, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த டகோட்டாவுல மதராஸ் வந்திருந்தா, எதுக்கு வந்தாங்க, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கணும்.